உடலுக்குள் தங்கும் மருந்து: டெப்போ ஊசியும் இம்பிளான்ட்டும் போடப் பழகுகிறவர்களுக்கு

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த வேளையை நிறுத்திவிடலாம். மூன்று மாதத்துக்கான ஊசியைத் தசைக்குள் செலுத்திய பிறகு அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. டெப்போ ஊசி (போட்ட இடத்திலேயே தங்கி மெதுவாக மருந்தை விடுவது), இம்பிளான்ட் (தோலடியில் வைக்கும் மருந்துக் குச்சி) போன்ற மெதுவாக வெளிவரும் மருந்துகளைக் கையாளும்போது பின்பற்றச் சொல்லும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சங்கடத்திலிருந்து பிறந்தவைதான்.

செவிலியர் பயிற்சியில் இருப்பவர்கள், கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மருந்தகத்தில் இந்தப் பெட்டிகளைக் கையாளத் தொடங்கியவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு மாதாமாதம் இப்படி ஊசி போடப்படுகிறது, என்னதான் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் படிக்கலாம். ஆனால் இதைப் படித்ததை வைத்துத் தனியாக யாருக்கும் போடக் கிளம்ப வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, முதல் சில முறை செய்யுங்கள். கையில் எடுத்த பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாள் நான் சொல்வதோடு முரண்பட்டால், துண்டுத்தாள் சொல்வதே சரி.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இங்கே கருவியும் மருந்தில் சேர்த்திதான். ஊசியின் நீளமும் துளையும், கலக்கிய விதமும், போய்ச் சேர்ந்த ஆழமும் மாறினால், எழுதிக் கொடுத்த மில்லிகிராம் அப்படியே இருந்தாலும் உடலுக்குக் கிடைக்கும் அளவு மாறிவிடும்.

முதல் படி: கையில் இருப்பது எந்த வகை?

பெயரைப் படிப்பதோடு நிறுத்தாமல், மருந்து எதில் அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய வகை எண்ணெயில் கரைத்தது. மனநோய்க்கான ஹாலோபெரிடால் டெக்கனோயேட், ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் இரண்டும் நல்லெண்ணெயில் கரைந்து வருகின்றன. எள் ஒவ்வாமை உண்டா என்று கேட்பது அதனால்தான்.

அடுத்தது, நீரில் மிதக்கும் நுண்படிகங்கள். மனநோய்க்கான பாலிபெரிடோன் பால்மிடேட், மூன்று மாதக் கருத்தடை ஊசியான மெட்ராக்சிபுரோஜெஸ்டரோன், எச்ஐவிக்கான கபோடெக்ராவிர், வாதக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சதைன் பெனிசிலின் எல்லாம் இந்த வகை. படிகம் கரையும் வேகமே மருந்து வரும் வேகம். நின்றுகொண்டிருந்தால் படிகம் அடியில் படியும், இதன் விளைவுகளைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாவது நுண்கோளங்கள். கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் அதே பிஎல்ஜிஏ பாலிமரில் மருந்தைப் பொதித்துச் சிறுசிறு உருண்டைகளாகச் செய்திருப்பார்கள். மனநோய்க்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ரிஸ்பெரிடோன், மது, ஓபியாய்டு பழக்கத்துக்கு மாதம் ஒருமுறை போடும் நால்ட்ரெக்ஸோன், புராஸ்டேட் புற்றுநோய் போன்றவற்றுக்கான லூப்ரோலைட் டெப்போ ஆகியவை இப்படித்தான். ரிஸ்பெரிடோன் நுண்கோளத்தில் ஒரு விசித்திரம் உண்டு. போட்ட முதல் மூன்று வாரம் பெரிதாக எதுவும் வெளிவராது. அதனால் அந்த மூன்று வாரமும் மாத்திரை தொடர வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், ஊசி போட்டாச்சே என்று நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார்.

நான்காவது, போகும்போது திரவம், உள்ளே போனதும் கட்டி. ஓபியாய்டு பழக்கத்துக்கான மாதாந்திர புப்ரெனார்பின் ஊசியில் ஒரு வகையும் லூப்ரோலைட்டில் ஒரு வகையும் இப்படி. உடல் திரவம் பட்டதும் கரைப்பான் விலகி, பாலிமர் இறுகி உருண்டையாகிவிடும். தோலடியில் அது நல்லது. ரத்தக் குழாய்க்குள் போனால் அதே இறுகல் உயிருக்கே ஆபத்து.

கடைசியாகக் குச்சிகள். இவற்றில் தானாகக் கரைவது, கரையாதது என்று இரண்டு உண்டு. புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய்களுக்குப் போடும் கோசெரெலின் குச்சி கரைந்துவிடும். கருத்தடைக்கான எட்டோனோஜெஸ்ட்ரெல் குச்சி கரையாது, காலம் முடிந்ததும் எடுத்தாக வேண்டும். கரையாத குச்சிகளுக்கு வழிகாட்டியது 1964-இல் ஜூடா ஃபோக்மனும் டேவிட் லாங்கும் வெளியிட்ட ஆய்வு. சிலிக்கோன் ரப்பருக்குள் அடைத்த மருந்து அதன் சுவர் வழியே மெல்ல மெல்லக் கசிந்து வெளிவரும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த வழியில் வந்த நார்பிளான்ட் என்ற கருத்தடை இம்பிளான்ட்டில் ஆறு குழல்கள். போடுவதைவிட எடுப்பதே பெரும்பாடாகிப் பல பெண்கள் அவதிப்பட்டார்கள். இன்று இரண்டு குச்சி, ஒற்றைக் குச்சி என்று குறைந்திருப்பதற்கும், போடும் கருவியில் இவ்வளவு கவனம் செலுத்தப்படுவதற்கும் அந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

கண்ணுக்குள் வைக்கும் டெக்சாமெதாசோன் துண்டு, முதுகுத்தண்டு நீருக்குள், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பக்லோஃபென் மருந்தைச் செலுத்தும் பம்ப் ஆகியவையும் இதே குடும்பம்தான், ஆனால் அவை நிபுணர்களின் வேலை. பம்ப் பற்றி மட்டும் ஒரு வரி: மருந்து தீர்ந்தோ, நிரப்பும்போது பம்புக்கு வெளியே போயோ பக்லோஃபென் திடீரென நின்றால், கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்து உயிரே போகலாம். பம்ப் வைத்திருப்பவர் அப்படி வந்தால் காத்திருக்க வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஆளைக் கூப்பிடும் முன் பெட்டியைத் திறங்கள்

முதலில் காலாவதித் தேதி, பிறகு சேமித்த வெப்பநிலை. நுண்கோள வகைகளில் சிலவற்றுக்கும் சில திரவ வகைகளுக்கும் 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும், எதையும் உறைய விடக்கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை உடனே போடவும் கூடாது. ரிஸ்பெரிடோன் நுண்கோளத்துக்கு அரை மணி, நால்ட்ரெக்ஸோனுக்கு முக்கால் மணி என்று அறை வெப்பநிலைக்கு வர விட வேண்டும். குளிர்ந்த மருந்து கெட்டியாக இருக்கும். வலிக்கும், ஊசியையும் அடைக்கும். சீக்கிரம் ஆகட்டும் என்று வெந்நீரில் போடுவது மருந்தைப் பாழாக்கும் வேலை.

அப்புறம் ஊசி. ஊசியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும், புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாக நினைப்பதுண்டு. சாதாரணத் தடுப்பூசிக்கு 23, 25 கேஜ் போதும். கோசெரெலின் குச்சியோ 16, 14 கேஜ் ஊசி வழியேதான் போகும். பார்த்தால் நோயாளி பயப்படுவார், அது நியாயம்தான். முன்கூட்டியே சொல்லுங்கள், தேவைப்பட்டால் மரப்பு மருந்து கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பெட்டியில் வந்த ஊசியை மாற்றாதீர்கள். மூன்று மாத பாலிபெரிடோனுக்கு மெல்லிய சுவர் கொண்ட ஊசி தனியாக வருகிறது. வெளி அளவு ஒன்றாக இருந்தாலும் உள்துளை அகலம் கூடுதல். மாதாந்திரப் பெட்டியில் இருக்கும் ஊசி பார்ப்பதற்கு அதேபோல இருந்தாலும் இதற்கு அடைத்துக்கொள்ளும். ஊசி கீழே விழுந்துவிட்டதே, டிராயரில் இருக்கிற ஒன்றை மாட்டலாமா என்று தோன்றும். மாட்டாதீர்கள். நுண்கோள மருந்துப் பெட்டிகளில் சிலவற்றில் உபரி ஊசி ஒன்று வைத்திருப்பதே அதற்காகத்தான்.

மூன்றாம் படி: கலக்குவது

என்னைக் கேட்டால், இந்த வேலையில் பாதிப் பிழை இங்கேதான் நடக்கிறது. ஊசி குத்துவதில் காட்டும் அக்கறையைக் குலுக்குவதில் யாரும் காட்டுவதில்லை.

படிக வகைகளைப் பலமாகக் குலுக்க வேண்டும். மாதாந்திர பாலிபெரிடோனுக்குக் குறைந்தது 10 விநாடி, மூன்று மாதத்துக்கானதற்கு 15 விநாடி, சிரிஞ்சின் முனை மேலே பார்த்தபடி. தோலடிக் கருத்தடை ஊசிக்கு 30 விநாடி. விநாடி முள்ளைப் பார்த்துக் குலுக்குங்கள், மனக்கணக்கில் 10 என்பது பெரும்பாலும் 5-தான். சரியாகக் குலுக்கவில்லை என்றால் நீர் மட்டும் உள்ளே போய், படிகம் சிரிஞ்சின் அடியில் அப்படியே நின்றுவிடும். நோயாளிக்குக் கிடைத்தது அரைகுறை மருந்து, பதிவேட்டிலோ முழு அளவு.

குலுக்கிவிட்டு வைத்திருந்தாலும் மறுபடி படியும். ரிஸ்பெரிடோன் நுண்கோளத்துக்கு 2 நிமிடம் கடந்தால் மீண்டும் குலுக்க வேண்டும், மூன்று மாத பாலிபெரிடோனுக்கு 5 நிமிடம். ஆகவே ஆளை உட்காரவைத்து, இடத்தைப் பார்த்துவைத்து, எல்லாம் தயாரான பிறகு கடைசியாகக் குலுக்குவது நல்ல பழக்கம்.

நுண்கோளத் தூளை அதனுடன் வந்த திரவத்தில்தான் கலக்க வேண்டும். சலைன் (உப்பு நீர்) சேர்க்கக்கூடாது, ஊசிக்கான நீரும் கூடாது. இரட்டை அறை சிரிஞ்சில் வரும் லூப்ரோலைட்டில் உலக்கையை (சிரிஞ்சின் தள்ளும் தண்டு) மெதுவாகத் தள்ளினால் திரவம் தூள் அறைக்குள் போகும். அவசரப்பட்டுத் தள்ளினால் கலக்கும் முன்பே கசியும். இரண்டு சிரிஞ்சுகளை ஒன்றோடொன்று பூட்டி, மருந்தை அங்கும் இங்கும் தள்ளிக் கலக்கும் வகையில், குலுக்கினால் கலக்காது. சொன்ன தடவை தள்ளியே ஆக வேண்டும்.

நான்காம் படி: ஆளிடம் கேட்க வேண்டியவை

இந்த மருந்தை மாத்திரையாகச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறாரா? மனநல டெப்போ ஊசிகளுக்கு முன் மாத்திரை வடிவத்தில் ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது வழக்கம், காரணம் முதல் வரியில் சொன்னதுதான். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறாரா? கடைசி ஊசி எந்தத் தேதியில், எந்தப் பக்கம்? பெண்ணாக இருந்தால் கருவுற்றிருக்கும் வாய்ப்பு உண்டா? நால்ட்ரெக்ஸோன் என்றால் அண்மையில் ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற மருந்து) எதுவும் எடுத்திருக்கிறாரா? எடுத்திருந்தால் இந்த ஊசி கடுமையான விலகல் துன்பத்தைக் கிளப்பிவிடும், அதுவும் நிறுத்தவே முடியாதபடி.

வலி, பின்விளைவு, எத்தனை நாள் உடலில் இருக்கும் என்பதையெல்லாம் சொல்லி, சம்மதம் கேட்ட பிறகுதான் அடுத்தது. திரும்ப எடுக்க முடியாத ஒன்றுக்குச் சம்மதம் வாங்குகிறோம். தலையாட்டினாரே என்று விட்டுவிட முடியாது.

ஐந்தாம் படி: இடமும் ஆழமும்

தசைக்கான ஊசிக்கு மேல்கையில் தோளை ஒட்டிய தசையான டெல்டாய்டு அல்லது இடுப்பு. பாலிபெரிடோன் தொடங்கும்போது முதல் இரண்டு ஊசியும் டெல்டாய்டில்தான், ஏனெனில் அங்கிருந்து மருந்து சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். டெல்டாய்டில் போடும்போது எடை 90 கிலோவுக்குக் கீழ் என்றால் ஓர் அங்குல ஊசி, 90-உம் அதற்கு மேலும் என்றால் ஒன்றரை அங்குலம். உடல் பருத்தவருக்குச் சிறிய ஊசியைப் போட்டால் மருந்து கொழுப்பிலேயே தங்கி, வர வேண்டிய வேகத்தில் வராது.

இடுப்பில் பின்பக்க மேல்-வெளிக் கால்பகுதியைத்தான் பலர் பழகியிருப்பார்கள். காலுக்குப் போகும் பெரிய நரம்பான சையாட்டிக் அந்தப் பக்கமாகப் போவதால் பக்கவாட்டு இடமான வென்ட்ரோகுளூட்டியலைக் கற்றுக்கொள்ளுங்கள். நோயாளியின் இடது இடுப்புக்கு உங்கள் வலது கை. உள்ளங்கையைத் தொடை எலும்பின் மேல்புடைப்பில் வையுங்கள், ஆள்காட்டி விரல் இடுப்பெலும்பின் முன்முனையைத் தொடட்டும், நடுவிரலை இடுப்பெலும்பு விளிம்போரமாக விரியுங்கள். இரு விரலுக்கும் நடுவே உள்ள முக்கோணம்தான் இடம். முதலில் குழப்பும், ஒரு சக ஊழியரின் இடுப்பில் தொட்டுப் பார்த்துப் பழகினால் சீக்கிரம் வந்துவிடும்.

எண்ணெய் டெப்போவுக்கு இசட்-டிராக் முறை. தோலை ஒரு பக்கமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுத்துப் பிடித்து, நேராகக் குத்தி, மெதுவாகச் செலுத்தி, 10 விநாடி காத்து, ஊசியை எடுத்த பிறகே தோலை விடுங்கள். துளையின் பாதை வளைந்துவிடுவதால் மருந்து பின்னால் கசியாது.

உலக்கையைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமா? தடுப்பூசிக்கு வேண்டாம் என்று கற்றிருப்பீர்கள். பென்சதைன் பெனிசிலின், மனநோய்க்கான ஒலான்சபின் பமோயேட் போன்றவற்றுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெனிசிலின் படிகம் ரத்தக் குழாய்க்குள் போனால் இதயம் நின்றுவிடக்கூடும். கோசெரெலின் குச்சிக்கோ பின்னிழுக்கவே கூடாது. ஒரே விதியை எல்லாவற்றுக்கும் பூட்ட முடியாது, அந்தந்தத் தாளைப் பாருங்கள்.

போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். வலிக்கிறதே என்று தேய்த்துவிடுவது அன்பான செயல்தான், ஆனால் மருந்து சிதறி வேகமாக வெளிவரும். ஒலான்சபின் பமோயேட் போட்டவரை 3 மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும். மருந்து சட்டென ரத்தத்தில் கலந்து ஆழ்ந்த மயக்கமும் குழப்பமும் வருவது அரிது, ஆனால் வரும். பேருந்துக்கு நேரமாச்சு என்று கிளம்ப விடாதீர்கள்.

தானே போட்டுக்கொள்ளும் கருத்தடை ஊசி

தோலடி மெட்ராக்சிபுரோஜெஸ்டரோன் 104 மில்லிகிராம், 0.65 மில்லி, யூனிஜெக்ட் என்ற சிறு பிளாஸ்டிக் குமிழில் வருகிறது. ஊசியும் மருந்தும் ஒரே உருப்படி, மறுபடி பயன்படுத்தவே முடியாத அமைப்பு. நல்ல கருவி வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

குலுக்கிய பிறகு குமிழை அமுக்காமல், குமிழுக்கும் மூடிக்கும் நடுவே உள்ள கழுத்துப் பகுதியைப் பிடியுங்கள். ஊசிமுனை மேல்நோக்கி இருக்க, மூடியைக் கழுத்துக்குள் அழுத்துங்கள். இடைவெளி முழுவதும் மூடினால்தான் உள்ளே இருக்கும் தடுப்பு துளைபடும். பாதியில் விட்டால் மருந்து வராது, பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மூடியை எடுத்து, வயிற்றிலோ முன்தொடையிலோ தோலைக் கொத்தாகப் பிடித்து, ஊசியைக் கீழ்நோக்கி முழுவதும் இறக்கி, குமிழை 5 முதல் 7 விநாடி மெதுவாக அமுக்குங்கள். குமிழில் சிறிது மிச்சம் நிற்கும், அது சரிதான். மூடியைத் திரும்ப மாட்டாமல் ஊசிக் கழிவுப் பெட்டியில் போடுங்கள்.

ஆறாம் படி: குச்சி வைப்பது

கோசெரெலின் குச்சி தொப்புளுக்குக் கீழே முன்வயிற்றில், தோலடியில் போகும். 3.6 மில்லிகிராம் 28 நாளுக்கு, 10.8 மில்லிகிராம் 12 வாரத்துக்கு. சிரிஞ்சில் காற்று தெரிந்தால் பழக்கத்தில் தட்டி வெளியேற்றத் தோன்றும். இதில் திரவமே இல்லை, அப்படிச் செய்தால் குச்சிதான் வெளியே வந்துவிழும். தோலைப் பிடித்து, 30 முதல் 45 டிகிரி சாய்வில் செலுத்தி, உலக்கையை இனிமேல் நகராது என்னும்வரை தள்ளுங்கள். மெலிந்தவர்களிடமும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களிடமும் கூடுதல் கவனம் தேவை, வயிற்றுச் சுவரில் ரத்தக் குழாய் காயம்பட்டால் உள்ளே கசிவது வெளியே தெரியாது.

எட்டோனோஜெஸ்ட்ரெல் குச்சிக்குப் பயிற்சிச் சான்று இல்லாமல் கை வைக்கவே வேண்டாம். நீளம் 4 சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தீக்குச்சி. அதிகம் பயன்படுத்தாத கையின் உட்புறத்தில், முழங்கையின் உள்ளெலும்பிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் மேலே, இருதலைத் தசைக்கும் முத்தலைத் தசைக்கும் இடையிலான பள்ளத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். பள்ளத்தை விட்டு விலகச் சொல்வதற்குக் காரணம், அதன் வழியாகத்தான் நரம்பும் ரத்தக் குழாய்களும் போகின்றன.

மரப்பு மருந்து கொடுத்த பிறகு, குச்சியைச் செலுத்தும் கருவியான அப்ளிகேட்டரை 30 டிகிரிக்கும் குறைவான சாய்வில் வைத்து முனை மட்டும் தோலுக்குள் போகும்படி குத்தி, உடனே கிடையாகத் தாழ்த்த வேண்டும். ஊசிமுனையால் தோலைக் கூடாரம்போலத் தூக்கியபடியே முழுநீளமும் உள்ளே போகட்டும். தோல் தூக்கித் தெரிகிறவரை நீங்கள் மேலோட்டமாகத்தான் இருக்கிறீர்கள், தெரியவில்லை என்றால் ஆழம் போகிறது. கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு நெம்பை இழுத்தால், குச்சி நின்ற இடத்தில் நிற்க, ஊசி பின்வாங்கும். குச்சியைத் தள்ளாமல் ஊசியை இழுப்பதுதான் இந்தக் கருவியின் சூட்சுமம்.

முடிந்ததும் இரு முனையையும் விரலால் தடவிப் பார்த்து, நோயாளியின் விரலையும் வைத்துக் காட்டுங்கள். தட்டுப்படவில்லை என்றால், உள்ளே இருக்கும் என்று நம்பி அனுப்பக்கூடாது. இன்றைய குச்சிகளில் பேரியம் சல்ஃபேட் சேர்த்திருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியும், அல்ட்ராசவுண்டிலும் தேடலாம். இருக்கிறது என்று உறுதியாகும்வரை வேறு கருத்தடை முறை வேண்டும்.

ஏழாம் படி: எடுப்பது

தொட்டால் தெரியாத குச்சியை எடுக்கக் கத்தி வைக்கக்கூடாது. முதலில் எங்கே என்று படம் எடுத்துக் கண்டுபிடித்து, அப்புறம் அனுபவமுள்ள அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தொட்டுத் தெரிந்தால் வேலை சுலபம். மரப்பு மருந்தைக் குச்சிக்கு அடியில் போடுங்கள். மேலே போட்டால் தோல் வீங்கி, தெரிந்துகொண்டிருந்த குச்சியும் மறைந்துவிடும். தோள்பக்க முனையை அழுத்தினால் முழங்கைப் பக்க முனை எழும்பும். அங்கே 2 மில்லிமீட்டர் கீறல் போதும். வெளியே வந்ததை அளந்து பாருங்கள், முழு 4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

எழுதிவைப்பதும் தவறிய தேதிகளும்

மருந்தின் பெயர், அளவு, தொகுதி எண், இடம், பக்கம், ஊசி நீளம், அடுத்த தேதி எல்லாம் பதிவேட்டிலும் நோயாளியின் அட்டையிலும் இருக்க வேண்டும். வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போய் நிற்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அந்த அட்டையை விட்டால் வேறு சாட்சி இல்லை.

தாமதத்துக்கான சலுகை மருந்துக்கு மருந்து வேறு. மூன்று மாதக் கருத்தடை ஊசியை 2 வாரம் முன்னதாகவும் 4 வாரம் தாமதமாகவும் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடக்க ஊசிகள் முடிந்து மாதாமாதம் தொடரும் பாலிபெரிடோனுக்கு ஒரு வாரம் முன்பின். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிருக்கு 7 நாள். அதைத் தாண்டினால் பழைய அளவையே போட்டு அனுப்பாமல் மருத்துவரைக் கேளுங்கள், சிலவற்றை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நிறுத்த விரும்புகிறவருக்கும் ஒரு விளக்கம் தேவை. கபோடெக்ராவிர் கடைசி ஊசிக்குப் பின் ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல், குறைந்த அளவில் உடலில் தங்கும். எச்ஐவி தொற்றைத் தடுக்க அது போதாது. ஆனால் அந்தச் சமயத்தில் தொற்று வந்தால், வைரஸ் மருந்துக்கு எதிர்ப்பு பெறும் அளவுக்கு அது உள்ளே இருக்கும். ஆகவே ஆபத்து தொடரும் ஒருவர் அடுத்த ஊசிக்கு வரவில்லை என்றால் அவரைத் தொடர்புகொண்டு, வேறு தடுப்பு முறைக்கு மாறுகிறாரா என்று கேட்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.